ஸ்வெட்டர்க் கழிவு

போன மாதம் பிரின்சி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் எஸ்டேட் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும் என்பதைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அதற்கும் சேர்த்துத்தான் கோபமாக இருந்தாள்.

"சார், மனநல முகாமுக்குப் புதுசா ஒரு படிவம் குடுத்திருக்காங்க. எடை, இடுப்பளவு, வெறும் வயித்துச் சர்க்கரை, கொழுப்பு, பிரஷர்னு வரிசையாக் கட்டம். இடுப்பளவு எடுக்க நான் என்ன டெய்லருங்களா? முப்பது பேருக்கு எடுத்து முடிக்கறதுக்குள்ள எனக்கு இடுப்பு போயிரும். உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க?"

"கட்டத்தைக் காலியா விட்டுச் சமாளிச்சேன்" என்றேன். அவள் சிரித்தாள். நகைச்சுவையாகப் பேசுகிறவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அதனால் உண்மையைச் சொன்னாலும் சிரித்துவிடுகிறார்கள். எழுதித் தருகிறேன், படித்துவிட்டுச் சிரி என்று சொல்லி போனை வைத்தேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. குன்னூருக்கு மேலே இந்த எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்தும், சாலையில் காட்டெருமை நின்றால் பக்கத்து வீட்டுச் சுவரேறிக் குதித்து அந்த வீட்டு நாயிடம் மாட்டிக்கொள்கிற ஆள். மருந்தாளுநர் படிப்பைக் கோவையில் இரண்டு வருடம் படித்தேன். அங்கே நான் உருப்படியாகக் கற்றது மாத்திரையை ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவது. மற்ற நேரமெல்லாம் நாவல் படித்தேன். வேலையில் சேர்ந்த பிறகும் அப்படித்தான். தலையணை தடிமனுக்கு எத்தனையோ புத்தகங்களை அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து முடித்திருக்கிறேன். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, பக்க விளைவுகள் அச்சிட்ட காகிதம், அதைத்தான் படித்ததில்லை. எழுத்து பொடி. கதையும் கிடையாது.

என் அப்பா இதே எஸ்டேட்டில் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை. பெண்கள் பறித்து வருவதைத் தராசில் மாட்டியதும், சாக்குக்கு இவ்வளவு, மழை ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எடையைச் சொல்வார். அந்தக் கழிவைப் பற்றி அவரோடு சண்டை போடாத பெண் கிடையாது. எனக்கு அவர் விட்டுப்போன சொத்து அந்தக் கழிவுதான். அதை நான் எங்கே கொண்டுபோய்ப் போட்டேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மனநல முகாம் மாதத்துக்கு ஒருமுறை, முதல் வியாழக்கிழமை. லவ்டேலிலிருந்து டாக்டர் எஸ்தர் தன் சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார். வந்ததும் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். குளிர்ந்த கையால் எந்த நோயாளியையும் தொடமாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருக்கு மரியாதை கூடும், அவ்வளவுதான். சாதாரண நாளில் நான் 'தனபால்'. ஏதாவது பிசகியிருந்தால் 'ஏனுங்க தனபால்'. பெரும் பிசகு என்றால் 'ஏனுங்க தனபால் சார்'. இந்த மூன்றாவது என் பணிக்காலத்தில் ஒரே ஒருமுறைதான் வந்தது.

ஒலான்சபின் போன்ற மாத்திரையை யாருக்காவது எழுதும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி ஒரே பாடத்தைச் சொல்வார். "தனபால், இது நல்ல மருந்து. ஆனா பசியைக் கிளப்பும். சிலருக்கு உடம்பு மளமளன்னு பெருக்கும், சர்க்கரை ஏறும். மனசு சரியாகுதேன்னு உடம்பை விட்டுடக் கூடாது. மாசாமாசம் எடை, இடுப்பளவு. மூணாம் மாசம் வெறும் வயித்துல சர்க்கரை."

நான் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் எனக்கு முப்பது வருட அனுபவம்.

வெறும் வயிற்றுச் சர்க்கரையில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் எஸ்டேட்டில் வெறும் வயிறு என்று ஒன்று கிடையாது. காலையில் கண் விழித்ததும் சீனி போட்ட தேநீர் உள்ளே போய்விடும். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க" என்பார்கள். சத்தியமான பதில்தான்; தேநீர் சாப்பாட்டில் சேராதே. இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு மிகுந்த சந்தோஷம். 'தேநீர் அருந்தி வந்தார், அடுத்த மாதம் பார்க்க' என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடலாம். அடுத்த மாதமும் தேநீர் இருக்கும்.

இடுப்பளவு எடுக்க எனக்குக் கூச்சம். டேப்பை மேசையறைக்குள் போட்டுப் பூட்டினேன்.

மிச்சம் எடை. நீலகிரியில் எடை பார்ப்பது லேசில்லை. உள்ளே ஒரு ஸ்வெட்டர், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை, தலையில் மப்ளர், மழையென்றால் எல்லாம் ஈரம். கழற்றச் சொன்னால் குளிரில் நடுங்குவார்கள். மாட்டி முடிக்க இன்னொரு கால்மணி. அப்பாவின் ரத்தம் எனக்குள் பேசியது. ஒரு ஸ்வெட்டர் என்றால் ஒரு கிலோ, இரண்டு என்றால் இரண்டு, சால்வைக்கு அரை, மழை நாளில் ஈரத்துக்கு இன்னொன்று என்று ஒரு பட்டியலே போட்டு, எடைமெஷினுக்கு மேல் சுவரில் ஒட்டினேன். தலைப்பு: 'ஸ்வெட்டர்க் கழிவு'. இதற்கு யாராவது பரிசு தருவார்கள் என்றுகூட நினைத்தேன்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் யோகேஸ்வரி வந்தாள்.

அவள் கொழுந்து பறிப்பவள், முப்பத்திரண்டு வயது இருக்கும். கணவன் முத்தையா ஃபேக்டரியில் இலை வாட்டும் பிரிவில் வேலை. இரண்டு பேருடைய குடும்பமும் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவை. ஏழு வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பெண்கள். அந்த வருடம் முத்தையா ஒரு சாவுக்காகக் கூடலூர் போயிருந்தான். மறுநாளும் அதற்கு மறுநாள் காலையும் யோகேஸ்வரியின் வீட்டுக் கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டார் தட்டினால், உள்ளேயிருந்து "புள்ளைங்க தூங்குது" என்று மட்டும் பதில். முத்தையா திரும்பி வந்து கதவை உடைத்தபோது, முதலுதவிப் பெட்டியோடு நானும் நின்றேன்.

வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. குடங்கள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. பிள்ளைகள் இரண்டும் கட்டிலில். சின்னவளின் உதடு வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. அழக்கூட அவளிடம் ஈரமில்லை. யோகேஸ்வரி அவர்களுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"கொழாய்ல வெசம் கலந்துட்டாங்க. எனக்குத் தெளிவாக் கேட்டுச்சு. ஒரு வாய் குடிச்சாலும் என் புள்ளைங்க செத்துரும். கிட்ட வராதீங்க."

அவள் பிள்ளைகளைக் கொல்லப் பார்க்கவில்லை, காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு இன்றைக்கும் குலை நடுங்கும் விஷயம். இன்னும் அரை நாள் போயிருந்தால் காப்பாற்றியே முடித்திருப்பாள்.

டாக்டர் எஸ்தர் ஒலான்சபின் எழுதினார். அப்போது அவள் எடை நாற்பத்தாறு. மூன்று வாரத்தில் அவளுக்கு மட்டும் கேட்ட அந்தக் குரல் அடங்கியது. இரண்டாம் மாதம் வேலைக்குப் போனாள். பிள்ளைகளுக்கு அவளே தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். அந்த மாத்திரையை யாராவது குறை சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் வரும். அது அந்த வீட்டில் இரண்டு உயிரைக் காத்தது.

அவள் மாதாமாதம் வந்தாள். முகம் உருண்டு வந்தது. "உடம்பு தேறிட்டா சார்" என்று முத்தையாவுக்கு வாயெல்லாம் பல். நம் ஊரில் உடம்பு போட்டாலும் தேறுவதுதான், நோய் குணமானாலும் தேறுவதுதான், ஒரே சொல். அந்தச் சொல்லில் நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். மெஷின் ஐம்பது காட்டினால் ஒரு ஸ்வெட்டர் கழித்து நாற்பத்தொன்பது. ஐம்பத்தைந்து காட்டினால் மழைக்காலம், இரண்டு ஸ்வெட்டர், சால்வை, ஈரம் எல்லாம் கழித்து ஐம்பத்தொன்றரை. அவளுடைய நோயாளி அட்டையில் பார்த்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் 'தேறிவருகிறார்'. எந்த டாக்டரும் நாற்காலியை விட்டு எழ வேண்டாத எடை.

பிறகு அந்தப் பெருமழை. மண் சரிந்து பாதை அடைபட்டு இரண்டு மாதம் முகாம் நடக்கவில்லை. பழைய மாத்திரையையே தொடரச் சொல்லி டாக்டர் போனில் சொன்னார். "யாருக்காவது ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க தனபால்" என்றார். நான் ஜன்னல் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒருநாள் முத்தையா மட்டும் வந்தான். மழையில் நனைந்த முகம் பளபளவென்றிருந்தது.

"சார், ஒங்களுக்கு ஒரு நல்ல சேதி. தண்ணியக் கண்டா நடுங்குனவ, இப்போ செம்பு செம்பாக் குடிக்கிறா சார்! தண்ணி, தேத்தண்ணி, கலர், எதக் குடுத்தாலும் கொண்டா கொண்டாங்கிறா. ராவுல எந்திரிச்சுக்கூடக் குடிக்கிறா."

"அடிக்கடி வெளியே போறாளோ?"

"குளிரு சார். நானே நாலு தடவ போறேன்."

இருவரும் சிரித்தோம். அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். அட்டையை எடுத்து, என் கையெழுத்திலேயே அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'தண்ணீர் நன்றாகக் குடிக்கிறார். பயம் முற்றிலும் நீங்கியது.' டாக்டரைக் கூப்பிடத் தோன்றவில்லை. நல்ல செய்திதானே, நேரில் சொன்னால் பாராட்டுவார்.

மூன்று வாரம் கழித்து வியாழக்கிழமை டாக்டர் வந்தார். அட்டைகளைப் புரட்டினார். அந்த வரியில் நின்றார். எனக்கு முதல் பயம் அப்போதுதான் வந்தது. ஏனென்று தெரியாமலே வந்தது.

"ஏனுங்க தனபால், எவ்வளவு குடிக்கிறா?"

"செம்பு செம்பா, டாக்டர்."

"ஆள் எங்கே?"

முத்தையா வரிசையிலிருந்து எழுந்தான். "வரல டாக்டரம்மா. ரெண்டு நாளா வாந்தி. வயித்து வலின்னு படுத்திருக்கா. மூச்சுதான் கொஞ்சம் பெருசு பெருசா வாங்குது. மாத்திரைய மட்டும் வாங்கிட்டுப் போலாம்னு…"

டாக்டர் பேனாவை மூடவில்லை. அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

ஆஸ்பத்திரி ஜீப்பில் போனோம். முதல் வளைவிலேயே காட்டெருமை ஒன்று சாலையின் குறுக்கே நின்றது. டிரைவர் வண்டியை நிறுத்தினான். ஹாரன் அடிக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும். அது மெதுவாக ஒரு தழையை மென்றது. என் வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான் காட்டெருமையைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. இறங்கி அதன் கொம்பைப் பிடித்துத் தள்ளலாமா என்றிருந்தது. டாக்டர் தன் மடியில் கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வாசம். பிளம்ஸ் பழங்களைக் கூடையோடு மறந்துவிட்டால் வருமே, அந்த மாதிரி. வீட்டில் பழம் எதுவும் இல்லை. அது அவள் மூச்சிலிருந்து வந்தது. கண் பாதி மூடியிருந்தது. நெஞ்சு ஏதோ மலை ஏறுகிற மாதிரி ஏறி ஏறி இறங்கியது. டாக்டர் கம்பளியை விலக்கி ஸ்வெட்டர்களைக் கத்தரித்தார். உள்ளே நான் அட்டையில் எழுதி வந்த யோகேஸ்வரி இல்லை. அவளைவிட ரொம்பப் பெரிய ஒருத்தி படுத்திருந்தாள்.

விரலில் குத்தி ரத்தத்தை வைத்தேன். மெஷினில் எண் வரவில்லை. இரண்டு ஆங்கில எழுத்துகள் வந்தன. எச், ஐ. ஒரு நொடி, 'ஹாய்' என்று மெஷின் எனக்கு வணக்கம் சொல்வதாகத்தான் மண்டைக்குள் ஓடியது.

"என்ன காட்டுது?"

"ஹாய்னு காட்டுது டாக்டர்."

"ஹாய் இல்லை, ஹை. அதுக்கு மேல எண்ணத் தெரியலைன்னு அர்த்தம்" என்றார். அவர் குரல் அதே அளவில்தான் இருந்தது. "சலைன் போடுங்க. ஆம்புலன்சைக் கூப்பிடுங்க. ஊட்டிக்குப் போகணும், இப்பவே."

ஊசிக்கு நரம்பு கிடைக்கவில்லை. மூன்றாவது குத்தில் கிடைத்தது. சின்னவள் கதவோரம் நின்று, "அம்மாவுக்குத் தண்ணி குடுங்க, அம்மா தண்ணி கேட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஊட்டிப் பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். முத்தையா என்னைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவானோ என்று பயம். அவன் கேட்டதோ இது: "நாந்தான் சார் மடையன். அவ சீனித் தேத்தண்ணி கேக்கக் கேக்கப் போட்டுக் குடுத்தேன். சந்தோசமாக் குடுத்தேன் சார்." பழியையும் அவனே எடுத்துக்கொண்டான். நான் அதைத் திருப்பி வாங்கவில்லை.

ஐந்தாம் நாள் பிழைத்துவிடுவாள் என்றார்கள். அதன்பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அதாவது, டாக்டர் எஸ்தரிடம் போய்ச் சுவரிலிருந்து கிழித்து வந்த பட்டியலை நீட்டும் அளவுக்கு. அவர் படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. பிறகு தான் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றினார். மடித்தார். அங்கிருந்த எடைமெஷின்மேல் வைத்தார்.

முள் அரைக் கிலோவைத் தொடவில்லை.

"ஏனுங்க தனபால் சார்" என்றார். ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த முகாமில் ஒரு ஹீட்டரை வைத்து, திரை கட்டி, எல்லோரையும் ஸ்வெட்டர் இல்லாமல் நிறுத்தினேன். டேப்பை வெளியே எடுத்தேன். பெண்களுக்கு நர்ஸ் எடுத்தார். முந்தின நாளே ஆள் விட்டு, 'தேத்தண்ணிகூடக் கூடாது' என்று சொல்லி அனுப்பினேன். ஒவ்வொருவராக மெஷினில் ஏற, என் பழைய எண்ணும் புது எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இன்னும் மூன்று பேருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் தாகம் இருந்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

யோகேஸ்வரி வீடு திரும்பியபின் டாக்டர் அவர்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். ஒலான்சபின் இனி முடியாது. திடீரென்று நிறுத்தவும் முடியாது. இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, உடம்பை அவ்வளவாகப் பெருக்காத இன்னொன்றை ஏற்ற வேண்டும். அது இவளுக்குப் பிடிக்குமா என்பது போகப்போகத்தான் தெரியும். நடுவில் பழைய குரல் திரும்பலாம்.

யோகேஸ்வரிதான் பேசினாள். நாக்கு இன்னும் கொஞ்சம் குழறியது. சர்க்கரை நோய் அவர்கள் பேச்சில் சீனி வருத்தம்.

"டாக்டரம்மா, சீனி வருத்தம் முத்துனா நாஞ் சாவேன். அந்தக் குரலு வந்தா புள்ளைங்க சாகும். எனக்கே அது பொய்யின்னு தெரியாது, அப்போ. அதனால எங்கிட்டக் கேக்காதீங்க. புள்ளைங்களப் பாருங்க."

டாக்டர் கையைத் தேய்த்துச் சூடாக்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார். "வாரம் ரெண்டு தடவை இன்சுலின் வாங்க இங்கே வருவா. வர்ற ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. குடிக்கிறாளான்னு பாருங்க. சந்தேகம் வந்தா அந்த நிமிஷமே எனக்குப் போன்."

அந்த ஆறு வாரம் நான் எந்தப் புத்தகத்தையும் திறக்கவில்லை. பொடி எழுத்துக் காகிதங்களை மட்டும் படித்தேன். திங்களும் வியாழனும் அவள் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு, டம்ளரைக் கழுவிக் கழுவி வைப்பேன். வருவாள், குடிப்பாள், நான் மூச்சு விடுவேன். பழைய மாத்திரை பாதியானது. பிறகு கால்.

ஏழாம் வாரம் திங்கட்கிழமை, பள்ளிக்குப் போகிற வழியில் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். டம்ளரை நீட்டினேன். பார்த்தாள். வாங்கவில்லை.

"வேணாங்க."

"ஒரு வாய், யோகேஸ்வரி."

"வேணாம் சார்." கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். "நீங்க குடிங்க."

நான் குடித்தேன். குடித்துக் காட்டினேன் என்பதுதான் சரி. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. மருந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பிள்ளைகளோடு வெளியே போய்விட்டாள்.

போனை எடுத்தேன். "டாக்டர், தண்ணி வேணாம்னுட்டா. திரும்ப வந்துருச்சு."

"உங்க முடிவைச் சொல்லாதீங்க தனபால். அவ சொன்னதைச் சொல்லுங்க."

"வேணாங்கன்னா. நீங்க குடிங்கன்னா."

"தாகம் இல்லாம இருக்கலாம். சர்க்கரை அடங்கினா தாகம் அடங்கும்." அவர் குரலிலும் ஓர் இடறல் இருந்தது, அதை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "புள்ளைங்க?"

"கூட இருக்காங்க."

"அவ என்ன சொல்லியிருக்கா? புள்ளைங்களைப் பாருங்க."

போனோடு வாசலுக்கு ஓடினேன். பனி இறங்கியிருந்தது. பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் பயந்துவிடுவாளா என்று வாயைத் திறந்தபடி நின்றேன். அப்போது பனிக்குள் எங்கோ தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக்கில் விழும் சத்தம். முதலில் கனமாக, பிறகு நிறைய நிறைய மெலிதாக.

ஆஸ்பத்திரிக் குழாயடியில் குனிந்து, சின்னவளின் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள் யோகேஸ்வரி. மூடியைப் பல்லில் கடித்திருந்தாள். நிரம்பியதும் குழாயை இறுக்கி மூடி, பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தாள். சின்னவள் அங்கேயே அண்ணாந்து குடித்தாள். தாடையில் வழிந்ததைத் தாய் தன் முந்தானையால் ஒற்றினாள். "மெதுவாடி, ஸ்கூலுக்கு மிச்சம் வை" என்றாள்.

"தனபால், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன். "குடிக்கிறாங்க டாக்டர்" என்றேன்.